மணிக்கோர்ப்பு, களிமண், பல்லாங்குழி: பிஞ்சு விரலுக்கு எது?

என் மகளுக்கு நாலு வயது. பென்சிலைப் பிடித்து ரெண்டு கோடு போடுவதற்குள் "கை வலிக்குதும்மா" என்று வைத்துவிடுவாள். விரல்களுக்குப் பலம் வரட்டும் என்று மூன்று சாமான்களை வைத்து அவளோடு உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன்: கடையில் வாங்கிய மணிக்கோர்ப்பு செட், வாய்க்கால் களிமண், திருவையாற்றில் மாமியார் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த பல்லாங்குழி.

மணிக்கோர்ப்பில் ஒரு கை மணியைப் பிடிக்கும், மற்றது கயிற்றை நுழைக்கும். சட்டைப் பொத்தான் போடவும் இதே பழக்கம்தான் வேண்டும். ஆனால் கயிற்றின் முனை விறைப்பு, மணியின் ஓட்டை பெரிசு. ரெண்டு வாரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. அப்புறம் காலையில் வாசலில் உதிர்ந்து கிடக்கும் பவழமல்லியை வாழைநாரில் கோர்க்கக் கொடுத்தேன். காம்பை அழுத்திப் பிடித்தால் நசுங்கிவிடும். எவ்வளவு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்று விரலே கற்றுக்கொண்டது. செட்டைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

பலம் என்று பார்த்தால் களிமண்ணுக்கு ஈடில்லை. டப்பாவில் வரும் கலர் க்ளே மெத்தென்று இருக்கும், சின்னக் குழந்தைக்குச் சரி. கோடையில் வாய்க்கால் வற்றும்போது எடுக்கும் வண்டலைக் கல், கண்ணாடித்துண்டு பொறுக்கிவிட்டுப் பிசையக் கொடுத்தால் உள்ளங்கை முழுக்க வேலை செய்யும். அடுப்பு, சட்டி, பிள்ளையார் என்று செய்துகொண்டே இருப்பாள். ஒன்றே ஒன்று: பிள்ளையார் கண்ணுக்குக் குன்றிமணி கொடுக்காதீர்கள். அதை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தான விஷம்.

பல்லாங்குழியைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும். 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 முத்து. ஒரு குழியை வழித்து அள்ளி, கைக்குள் அடக்கி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் மிச்ச முத்தை மூடிப் பிடித்திருக்க, கட்டை விரல் உள்ளங்கையிலிருந்து ஒன்றை மட்டும் முன்னே தள்ளிக் கொண்டுவரும். பென்சில் பிடிக்கும்போதும் கடைசி ரெண்டு விரல் மடங்கித் தாங்க, முன் மூன்று விரல்தான் எழுதும். கடையில் நான் பார்த்த எந்த செட்டிலும் இந்தப் பயிற்சி இல்லை.

முதல் வாரம் மூணு நாலு முத்து சேர்ந்தே விழுந்தது. அவளுக்கு அழுகை. "ஒண்ணொண்ணா போடு தங்கம், அவசரமே இல்ல" என்று மாமியார் குழிக்கு ரெண்டு முத்தாகக் குறைத்துத் தொடங்கினார். அது சரியாக வந்தது.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் புளியங்கொட்டை, சோழி, சின்ன மணி எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அந்த வயதுக்கு மண்ணோ மாவோ பிசைந்தால் போதும், அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால்தான். மஞ்சாடி முத்தை வைத்து ஆடுகிறவர்கள், கறுப்புப் புள்ளியுள்ள குன்றிமணி கலந்திருக்கிறதா என்று பொறுக்கிப் பார்த்துவிடுங்கள். கடைச் சாமான் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பல்லாங்குழி வாங்குங்கள். களிமண்ணுக்குக் காசு வேண்டாம்.

இப்போது ஏழு முத்து வரை சிந்தாமல் போடுகிறாள். எட்டாவது சேர்ந்தால் பிடி நழுவுகிறது. பொறுக்கியெடுத்து மறுபடி அள்ளுகிறாள்.