மண் ஸ்பிரிங் விறைப்புக் கணக்கு: எட்டு ஆண்டுகள் கையாண்டதில் தெரிந்தவை

பக்கவாட்டு விசை தாங்கும் பைலைச் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்) சுற்றியுள்ள மண்ணை ஒன்றையொன்று சாராத ஸ்பிரிங்குகளாகப் பாவிப்பதற்கு, பொறியாளர் விங்க்ளர் 1867இல் முன்வைத்த கருத்தே அடிப்படை. அதை ஓர் எக்செல் தாளில் எழுதி எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

மணலுக்கான கணக்கு பார்வைக்கு மிக எளியது. விறைப்பு (அலகு நகர்வுக்கு மண் காட்டும் எதிர்ப்பு) ஆழத்தோடு ஏறும் வீதமான என்-எச் மதிப்பை ஆழத்தாலும், ஒரு ஸ்பிரிங்குக்கு உரிய பைல் நீளத்தாலும் பெருக்க வேண்டும். என்-எச் 5,000 கிலோநியூட்டன்/மீ³, ஆழம் 2 மீ, நீளம் 0.5 மீ எனில் விடை 5,000 கிலோநியூட்டன்/மீ. விட்டம் இதில் அடிபட்டுப் போகிறது. நானோ விட்டத்தால் மறுபடியும் ஒருமுறை பெருக்கி வைத்திருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் கைக்கு வந்த பைல்கள் யாவும் 1 மீ விட்டம் கொண்டவை என்பதால், ஒன்றால் பெருக்கிய அந்தப் பிழை எவர் கண்ணிலும் படவில்லை. முதல் 600 மி.மீ. பைலில் ஸ்பிரிங்குகள் 40 சதவீதம் தளர்ந்து, தலைப்பகுதி நகர்வு கைக்கணக்கைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியபோதுதான் பிடிபட்டது. அது 1.5 மீ பைலாக இருந்திருந்தால் பிழை ஆபத்தான பக்கம் சாய்ந்திருக்கும்.

என்-எச் மதிப்பைத் துல்லியமாக்க நான் செலவிட்ட நேரம் எல்லா இடத்திலும் பயன் தரவில்லை. பைலின் வளைவு விறைப்பை (வளைவதை எதிர்க்கும் திறன்) என்-எச்சால் வகுத்து ஐந்தாம் மூலம் எடுப்பதே, நகர்வையும் வளைவையும் நிர்ணயிக்கும் சிறப்பியல்பு நீளம் என்பதால், உள்ளீட்டுப் பிழை பெருமளவு அமுங்கிவிடுகிறது. தலை கட்டப்படாத (தடையின்றிச் சுழலும்) 1 மீ கான்கிரீட் பைலில் 200 கிலோநியூட்டன் விசைக்கு, என்-எச் 5,000 எனில் நகர்வு சுமார் 10 மி.மீ., பெரும பெண்டிங் மொமென்ட் (பைலை வளைக்கும் திருப்புவிசை) சுமார் 480 கிலோநியூட்டன்-மீ. என்-எச்சை இரட்டித்தால் மொமென்ட் 13 சதவீதமே குறைகிறது, நகர்வோ 6.6 மி.மீ. ஆகிவிடுகிறது. மொமென்டைப் பொறுத்த கம்பி அளவுக்குத் தோராய மதிப்பு போதும், நகர்வு வரம்புக்குப் போதாது.

மென்களிமண்ணில் இந்த நேர்கோட்டு ஸ்பிரிங்கை நான் கைவிட்டுவிட்டேன். பொறியாளர் மேட்லாக் 1970இல் தந்த பி-ஒய் வளைவு (மண்ணின் எதிர்ப்பை நகர்வோடு காட்டும் வரைகோடு) நகர்வின் கனமூலத்தைப் பின்பற்றுவதால், தொடக்கச் சரிவு முடிவிலியாகிறது; 'ஆரம்ப விறைப்பு' என்று எடுக்க அங்கே எதுவும் இல்லை. ஆகவே கிடைத்த நகர்வுக்குரிய வெட்டுக்கோட்டு விறைப்பை (எதிர்ப்பை நகர்வால் வகுத்தது) இட்டு, விடை நிலைபெறும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறேன்.

பைல் குழுவில் இடைவெளி விட்டத்தின் மூன்று மடங்கு எனில் முன்வரிசைக்கு 0.8, இரண்டாம் வரிசைக்கு 0.4, அடுத்தவற்றுக்கு 0.3 என மண்ணின் எதிர்ப்பைப் பெருக்கிக் குறைக்கிறேன். இப்போது ஒவ்வொரு கணக்கையும் பாதி என்-எச்சுக்கும் இரட்டிப்பு என்-எச்சுக்கும் தனித்தனியே ஓட்டுகிறேன்; நீரோட்டத்தில் நிற்கும் பைல் என்றால் அரிப்பு ஆழம் வரையுள்ள ஸ்பிரிங்குகளை முதலில் நீக்கிவிடுகிறேன்.