கேஸ் இருக்கு, கரன்ட் எங்கே? பழைய போர்ஷ ஏசிக்காக வாங்கிய பவர் டெஸ்டர்

பழைய காரில் ஏசி குளிரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதல் பதில் "கேஸ் போயிருக்கும்" என்பதுதான். கேஜ் மாட்டி, அழுத்தம் சரியாக இருக்கிறது என்று காட்டினாலும் நம்ப மாட்டார்கள். "எதுக்கும் கொஞ்சம் ஏத்திப் பார்ப்போமே" என்பார்கள். என்னுடையது 1986 மாடல் போர்ஷ 911 கரேரா, 3.2 லிட்டர். கேஸ் இருந்தது. கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட்டோடு சேர்த்துவிடும் மின்காந்த கிளட்ச்தான் இஷ்டத்துக்கு நடந்துகொண்டது. இன்ஜின் ஆறியிருக்கும்போது 'டக்' என்று பிடிக்கும், வண்டி நன்றாகச் சூடானதும் விட்டுவிடும், அதன் பிறகு என்ன செய்தாலும் பிடிக்காது. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் கிளட்ச் வயரில் ஜம்மென்று 12.6 வோல்ட்.

அந்த 12.6 ஒரு பொய். இந்த டெஸ்டரை வாங்கியதே அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான்.

பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை. இந்த வகை டெஸ்டர்களைப் பல கம்பெனிகள் செய்கின்றன, அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பேட்டரியின் இரண்டு முனையிலும் மாட்ட ஒரு சிவப்பு கிளிப், ஒரு கறுப்பு கிளிப். அதிலிருந்து நீளமான கேபிள். கையில் பிடிக்கத் தடித்த டார்ச் போல ஒரு உடல், நுனியில் ஊசி. ஊசியை எங்கே தொட்டாலும் அங்கே பாசிட்டிவ் இருந்தால் சிவப்பு எல்இடி, எர்த் இருந்தால் பச்சை, கூடவே சின்னத் திரையில் வோல்டேஜ். இதுவரை சாதாரண டெஸ்டர்தான். விஷயம் மேலே இருக்கும் ராக்கர் சுவிட்சில் இருக்கிறது. முன்னால் அழுத்தினால் ஊசி நுனிக்கு பேட்டரி பாசிட்டிவ் வந்துவிடும், பின்னால் அழுத்தினால் எர்த் வந்துவிடும். அதாவது இருக்கிற கரன்ட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், இல்லாத இடத்துக்குக் கரன்ட்டைக் கொடுக்கவும் செய்யும். உள்ளே 8 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று காவலுக்கு.

911-க்கு இதில் முதலில் பிடித்துப்போனது கேபிளின் நீளம். சிரிக்க வேண்டாம். இந்தக் காரில் பேட்டரி முன்னால் லக்கேஜ் அறையில், கம்ப்ரஸர் பின்னால் இன்ஜினோடு. கிளட்ச்சுக்குப் போகிற கரன்ட் முன்னால் புறப்பட்டு, ஃபியூஸ், ஃபேன் சுவிட்ச், தெர்மோஸ்டாட் எல்லாம் கடந்து, காரின் முழு நீளத்துக்கும் ஓடிப் பின்னால் போய்ச் சேர வேண்டும். காரே 4.3 மீட்டர். 6 மீட்டர் கேபிள் இல்லாத டெஸ்டரை வாங்கினால் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

முதல் வேலை, கிளட்ச் நல்லதா கெட்டதா என்று பிரித்துப் பார்ப்பது. கம்ப்ரஸரிடம் கனெக்டரைக் கழற்றிவிட்டு, கிளட்ச் பக்கத்து முனையில் ஊசியை வைத்து ராக்கரை முன்னால் அழுத்தினேன். 'டக்'. இன்ஜினைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் அழுத்தினேன். அப்போதும் 'டக்'. ஆக காந்தத்தின் காயில் நல்லது, கிளட்ச் தகடுகளுக்கு நடுவே உள்ள காற்று இடைவெளி நல்லது, கம்ப்ரஸர் பக்கத்து எர்த்தும் நல்லது. அந்த ஒரு சத்தத்தில் பாதிக் கார் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டது. வயரிங் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்படியானால் சூட்டில் மட்டும் ஏன் விட்டுப்போகிறது? கணக்கு எளிது. இந்த மாதிரி 12 வோல்ட் கிளட்ச் காயிலின் தடை 3.5 ஓம் வாக்கில் இருக்கும், அதாவது 3.6 ஆம்பியர் இழுக்கும். 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் செப்புக் கம்பியின் தடை கால் பங்கு அளவுக்குக் கூடும், 3.5 ஓம் 4.3 ஆகிவிடும். நல்ல வயரிங்கில் இது பிரச்சினையே இல்லை. வழியில் எங்காவது ஒரு பச்சை பூத்த இணைப்பு ஒன்றரை ஓமை விழுங்கிக்கொண்டிருந்தால்? ஆறின காயிலுக்கு 8.8 வோல்ட் போய்ச் சேரும், திக்கித் திணறிப் பிடித்துவிடும். சூடான காயிலில் கரன்ட் இரண்டு ஆம்பியர் சொச்சத்துக்கு இறங்கிவிடும், காந்தத்துக்குப் பலம் போதாது. கனெக்டரைக் கழற்றி வைத்துப் பார்க்கும் மல்டிமீட்டருக்கு இது தெரியவே தெரியாது. அதன் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். வழியில் ஒன்றரை ஓம் இல்லை, பத்தாயிரம் ஓம் இருந்தாலும் திரையில் 12.59 என்றுதான் காட்டும். லோடு இல்லாமல், அதாவது கரன்ட் இழுக்க எதுவும் மாட்டாமல், எடுத்த வோல்டேஜை நம்பி எத்தனை பேர் நல்ல கம்ப்ரஸரை மாற்றியிருப்பார்களோ.

இங்கேதான் டெஸ்டரின் குறையையும் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். இதன் எல்இடியும் மல்டிமீட்டரைப் போலவே பொய் சொல்லும். பச்சை விளக்கு எரிந்தால் அங்கே எர்த் இருக்கிறது என்று அர்த்தம், அந்த எர்த் மூன்றரை ஆம்பியரைத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயருக்கும் பச்சை எரியும். உண்மையைச் சொல்வது ராக்கர் மட்டும்தான், அல்லது சர்க்யூட்டை ஓடவிட்டு லோடோடு எடுக்கும் வோல்டேஜ். இதைப் புரிந்துகொள்ளாமல் விளக்கை மட்டும் பார்க்கிறவருக்கு இது விலை கூடின டெஸ்ட் லேம்ப். சொல்லப்போனால் டெஸ்ட் லேம்ப்பைவிட மட்டம், ஏனென்றால் பழைய குண்டு பல்பாவது கொஞ்சம் கரன்ட்டை இழுத்துப் பார்க்கும்.

அதனால் கிளட்ச் கனெக்டரைத் திரும்ப மாட்டி, இணைப்புகளின் பின்பக்கம் வழியாக ஊசியை நுழைத்து, சர்க்யூட் ஓடும்போதே ஒவ்வொரு இடமாகத் திரையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இன்ஜின் நிறுத்தி, சாவி மட்டும் போட்டு. பேட்டரியில் 12.4. ஃபியூஸுக்கு முன்னால் 12.3, ஃபியூஸுக்குப் பின்னால் 11.5. முக்கால் வோல்ட்டுக்கு மேல் ஃபியூஸிலேயே போய்விட்டது! அந்தக் காலத்து ஜெர்மன் கார்கள் பலவற்றில் ஃபியூஸ் இப்போதுள்ள பிளேடு வகை இல்லை. இரு பக்கமும் கூம்பிய சின்ன உருளை, அதன் மேல் வெளியே தெரியும் உலோகப் பட்டை, இரண்டு ஸ்பிரிங் தகடுகளுக்கு நடுவே செருகியிருக்கும். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. பட்டை முழுசாக இருந்தால் ஃபியூஸ் நல்லது என்று கண் சொல்லும். ஆனால் கூம்பு முனையும் தகடும் சேரும் இடத்தில் வருஷக்கணக்காகப் படிந்த ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. தகடுகளைச் சுத்தம் செய்து புது ஃபியூஸ் போட்டதும் அந்த இடத்தில் இழப்பு 0.1-க்குக் கீழே வந்தது. ஃபியூஸை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாலே ஏசி உயிர் பெறுவதாகச் சிலர் சொல்வதன் ரகசியமும் இதுதான்.

இன்னும் ஒரு வோல்ட் பாக்கி இருந்தது. அது டேஷுக்கு அடியில், எனக்கு முன்னால் காரை வைத்திருந்த யாரோ புண்ணியவான் போட்ட இணைப்பில். வயரை வெட்டாமலே கடித்துப் பிடிக்கும் நீல பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறதே, அது. திறந்து பார்த்தால் உள்ளே தகடு வயரின் பாதி இழைகளை அறுத்துவிட்டிருந்தது, மீதி இழைகள் கறுத்துப்போய்க் கிடந்தன. தொட்டால் சுட்டது. இந்த கிளிப்பைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் உண்டு. வெட்டி எறிந்துவிட்டு ஒழுங்காக கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். அதன் பிறகு கிளட்ச் சூட்டிலும் விடவில்லை.

சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ரிலேக்களைச் சோதிக்கவும் இந்த டெஸ்டர் அருமை. ரிலேயைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டில் 87 என்று எழுதியிருக்கும் துளையில் ஊசியை வைத்து அழுத்தினால் ப்ளோவர் (ஏசி காற்றைத் தள்ளும் ஃபேன்) சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டாரும் அதன் எர்த்தும் நல்லது, கோளாறு ரிலேயிலோ அதற்கு முன்னாலோ. 30-இல் எப்போதும் சிவப்பு எரிய வேண்டும். 85, 86 இரண்டும் ரிலே காயிலின் முனைகள், சுவிட்ச் போட்டதும் ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை. இந்த எண்கள் டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரத்தில் வருபவை, 15 என்றால் சாவி போட்டால் வரும் பாசிட்டிவ், 31 என்றால் எர்த். இவ்வளவு மனப்பாடம் ஆகிவிட்டால் ஜெர்மன் வரைபடம் பாதி புரிந்த மாதிரி. ஒரு எரிச்சல்: பெரிய ப்ளோவர் மோட்டாரைப் புறப்பட வைக்கும்போது 8 ஆம்பியர் பிரேக்கர் தட்டிவிடும். பிரேக்கர் தட்டியதைப் பார்த்து மோட்டார் ஷார்ட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மோட்டாரைக் கையால் சுற்றிவிட்டு மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஃபியூஸ் போட்ட தடித்த ஜம்பர் வயர்தான் வழி.

சின்னச் சின்னக் குறைகள்: ஊசி தடிமன் அதிகம், பழைய கனெக்டர்களில் பின்பக்கமாக நுழைய மறுக்கிறது. நான் மெல்லிய பேக்-ப்ரோப் ஊசிகளைத் தனியாக வாங்கிக்கொண்டேன். வெயிலில் திரை தெரியாது. ராக்கர் ரொம்ப மென்மை, டேஷுக்கு அடியில் தலைகீழாகக் கிடக்கும்போது முழங்கை பட்டாலே அழுந்திவிடும்.

அந்தக் கடைசிக் குறை வெறும் எரிச்சல் இல்லை. கறுப்பு என்றால் எர்த் என்று பழகிய கை இந்தக் காரில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஜெர்மன் வயரிங்கில் எர்த் பிரவுன், கறுப்பு பெரும்பாலும் சாவி போட்டால் உயிர் வரும் வயர். அதில் போய் எர்த்தைக் கொடுத்தால் ஃபியூஸோ பிரேக்கரோ போகும், அதோடு தப்பித்தோம். 3.2 கரேராவில் இன்ஜினை நடத்துவது பாஷ் மோட்ரானிக் கம்ப்யூட்டர். அதற்குப் போகும் சென்சார் வயர் ஒன்றில் 12 வோல்ட்டைக் கொடுத்துவிட்டால் காப்பாற்ற எந்தப் பிரேக்கரும் வராது. இன்ஜின் அறையில் எந்த வயர் ஏசிக்கு, எந்த வயர் மோட்ரானிக்குக்கு என்று வரைபடத்தில் பார்த்து உறுதி செய்யாமல் ராக்கர் மேல் விரலையே வைக்கக் கூடாது.

மல்டிமீட்டரே இல்லாதவர் முதலில் இதை வாங்க வேண்டாம். மல்டிமீட்டரும், கூடவே முனைகளில் இரண்டு வயர் வைத்துப் பற்றவைத்த பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பும் இருந்தால் போதும். அந்த பல்ப் நாலரை ஆம்பியருக்குமேல் இழுக்கும், கிளட்ச்சைவிடக் கடுமையான பரீட்சை. கிளட்ச் வயரில் மாட்டினால் பளிச்சென்று எரிய வேண்டும், மஞ்சளாக அழுதால் வழியில் எங்கோ திருட்டு. ஆனால் பல்பால் ரிலே சாக்கெட்டில் கரன்ட்டைக் கொடுத்துப் பார்க்க முடியாது, ஊசியோடு காரின் முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கவும் முடியாது. பழைய காரை வைத்துக்கொண்டு ஏசியோடு நிறுத்தாமல் பவர் விண்டோ, ஃப்யூவல் பம்ப் என்று அடுத்தடுத்து கை வைக்கப் போகிறவருக்கு டெஸ்டரின் விலை தகும். ஐந்துக்கு நாலு நட்சத்திரம், அந்த ராக்கருக்கு ஒரு மூடி வைத்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.