வாய் வாய் நூடுல்ஸ்: அடுப்பில் ஏற்றியதுதான் நான் செய்த தப்பு

காத்மாண்டு போய் வந்த நண்பன் ருத்ராட்சம் ஏதாவது வாங்கி வருவான் என்று பார்த்தால், ஐந்து பாக்கெட் நூடுல்ஸைக் கொண்டுவந்து நீட்டினான். பெயர் வாய் வாய். தின்கிற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று நினைத்துச் சிரித்தேன், ஆனால் அது தாய்லாந்துச் சொல்லாம், 'சீக்கிரம் சீக்கிரம்' என்று அர்த்தம். தாய்லாந்தில் பிறந்த இந்த பிராண்டை நேபாளத்தின் சௌத்ரி குழுமம் 1984-இல் தங்கள் நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியது, இப்போது நேபாளிகளிடம் கேட்டால் இது எங்கள் சரக்கு என்றுதான் சொல்வார்கள். குழுமத்தின் தலைவர் பினோத் சௌத்ரி 2013-இல் ஃபோர்ப்ஸ் பணக்காரர் பட்டியலில் இடம்பிடித்த முதல் நேபாளி. வங்கி, ஹோட்டல் என்று வேறு தொழில்கள் எத்தனையோ இருந்தும் அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டம் நூடுல்ஸ் ராஜா.

முதல் பாக்கெட்டை நானே கெடுத்தேன். மேகி போட்டுப் பழகிய கை, கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன், திரும்பி வந்து பார்த்தால் கூழ். போதாததற்கு உள்ளே இருந்த மூன்று சிறு பொட்டலங்களையும் (மசாலாத்தூள், வெங்காய மணம் வீசும் எண்ணெய், மிளகாய்த்தூள்) யோசிக்காமல் மொத்தமாகக் கொட்டியிருந்தேன். கண்ணில் தண்ணீர் வர வர அந்தக் கூழைக் குடித்து முடித்தேன், குற்றம் சொல்ல வேறு ஆள் இல்லை.

அப்புறம்தான் கட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். மேகி போல வெளிறிப்போய் இல்லை, நல்ல பழுப்பு நிறம். உடனடி நூடுல்ஸ் எல்லாமே பெரும்பாலும் ஆவியில் வெந்து எண்ணெயில் பொரிந்துதான் பாக்கெட்டுக்குள் வருகின்றன, ஆனால் இதில் பொரிப்பதற்கு முன்பே உப்பும் மசாலாவும் ஏற்றிவிடுகிறார்கள். 1958-இல் ஜப்பானில் மொமோஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் உடனடி நூடுல்ஸும் இந்த வகைதான், வெந்நீர் ஊற்றினாலே போதும். மேகிக் கட்டியைப் பச்சையாகக் கடித்தால் மாவு ருசிதான் தெரியும், வாய் வாயைக் கடித்தால் முறுக்கு தின்கிற சுகம்.

இரண்டாவது பாக்கெட்டை நேபாளத்துப் பிள்ளைகள் செய்கிற மாதிரி செய்தேன். பிரிக்காமலே வெளியிலிருந்து நொறுக்கி, ஒரு மூலையைக் கிழித்து, மசாலாத்தூளைப் போட்டுக் குலுக்கி, அப்படியே வாயில் கொட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவதைத்தான் என்னால் மறக்க முடியாது: நொறுக்கிய நூடுல்ஸோடு பச்சை வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, அந்தப் பொட்டலத்து எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைவது. இப்படிப் பிசைந்ததை அங்கே சாந்தேகோ என்கிறார்கள், கடுகெண்ணெய் விடுபவர்களும் உண்டு. பிசைந்த கையோடு தின்றுவிட வேண்டும், தள்ளிப்போட்டால் தக்காளிச் சாறு ஊறி மொறுமொறுப்பு போய்விடும். நூடுல்ஸுக்கே அங்கே பொதுப்பெயர் சௌசௌ, நம் காதில் விழுந்தால் கூட்டுதான் நினைவுக்கு வரும்.

நான்காவதைச் சூப்பாக வைத்தேன். இந்த முறை அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீரில் போட்டு மூடிவைத்து இரண்டு நிமிடத்தில் எடுத்தேன். இழை இழையாக நின்றது, மிளகாய்ப் பொட்டலத்தில் பாதிதான். நன்றாகவே இருந்தது, ஆனாலும் என் ஓட்டு சாந்தேகோவுக்குத்தான். இந்தச் சூப்பின் அருமை மலையில்தான் தெரியும் என்றான் நண்பன், அதில் விஷயம் இருக்கிறது. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே கொதித்துவிடும், அரிசியும் பருப்பும் வேக வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஏற்கெனவே வெந்த சரக்கு என்றால் அந்தக் கவலை இல்லை.

சைவக்காரர்கள் வாங்குமுன் உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிக்கன் சுவையும் உண்டு, வெஜ் மசாலாவும் உண்டு. உப்பைப் பொறுத்தவரை எந்த உடனடி நூடுல்ஸும் யோக்கியமில்லை. சூப்பாக வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம், பச்சையாகத் தின்றால் அத்தனையும் உள்ளேதான் போகிறது, அதனால் மசாலாவில் பாதியைக் குறைத்துக்கொண்டேன். ருசி குறையவில்லை, ஏனென்றால் கட்டியிலேயே அது இருக்கிறதே.

ஐந்தாவது பாக்கெட்டைப் பற்றியும் எழுதலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் வெறும் உறை, மூலை மட்டும் கிழிந்திருந்தது, வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.