காலுவா பன்றிக்கறிக்கு ரைட்ஸ் திரவப் புகை: வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஹவாயில் குழி வெட்டி, கற்களைப் பழுக்கக் காய்ச்சி, இலை மூடி வேகவைக்கும் இந்தக் காலுவா கறியை அடுக்குமாடி வீட்டு ஓவனில் ஓரளவேனும் எட்ட, விறகுப் புகையைக் குளிரவைத்துத் திரவமாகப் பிடித்த இந்தச் சின்ன பாட்டில் போதும்.

புகைக்கு எரித்த மரத்தைப் பொறுத்து ஹிக்கரி, மெஸ்கீட் என வகைகள் கிடைக்கின்றன. மெஸ்கீட்டையே எடுங்கள். தீவுகளில் எரிக்கும் கியாவே விறகு அதே பேரினத்து மரம் என்பதால் வாசனை நெருங்கி வரும். வினிகர், மொலாசஸ் கலந்த மற்ற பாட்டில்கள் இந்தக் கறிக்கு வேண்டாம். புளிப்பும் இனிப்பும் இதில் எட்டிப் பார்க்கவே கூடாது.

2 கிலோ எலும்புள்ள தோள்பட்டைக் கறிக்கு 1 மேசைக்கரண்டி புகை, ஒன்றரை மேசைக்கரண்டி அலாயியா கல்லுப்பு (செம்மண் கலந்த ஹவாய் உப்பு). தூளுப்பு என்றால் பாதி போதும்; அதே கரண்டிக் கணக்கில் போட்டால் வாயில் வைக்க முடியாது. கொழுப்பை வெட்டி எறியாதீர்கள். வாழையிலையில் சுற்றி, மேலே ஃபாயில் இறுக்கி, 160 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம். உள்ளே 95 டிகிரி தொட்டால்தான் நாராகப் பிரியும். 80இல் எடுத்தால் ரப்பர்தான்.

புகை போதவில்லையென்று கடைசியில் ஊற்றினால் கசக்கும். இறங்கிய சாற்றை வடித்துக் கறியிலேயே சேருங்கள், சுவை முழுக்க அதில்தான் இருக்கிறது. மிச்சத்தை மறுநாள் முட்டைக்கோஸோடு வதக்கலாம்.

குழியின் மண்வாசம் மட்டும் வராது. அதை எந்த பாட்டிலாலும் தர முடியாது.