பெட்டிங் கம்பெனிகளின் அஃபிலியேட் திட்டம்: மலையக இணையதளங்களுக்கு இது தோதானதா?

ஹட்டன் செய்தி, பதுளை கிரிக்கெட், நுவரெலியா ஏப்ரல் சீசன் என்று எதையாவது எழுதி சில ஆயிரம் பேரைச் சேர்த்துவிட்ட தளமோ பேஸ்புக் பேஜோ இருந்தால், ஐ.பி.எல். தொடங்குவதற்கு முன்பே இன்பொக்ஸில் அழைப்பு வந்துவிடும். முதலீடு வேண்டாம், லிங்கைப் போட்டால் போதும், மாதாமாதம் டொலரில் வருமானம் என்பார்கள். பெட்டிங், கசினோ தளங்கள் நடத்தும், ஆள் அனுப்பினால் கொமிஷன் தரும் இந்த அஃபிலியேட் திட்டத்தைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சேராதீர்கள். வருமானம் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு வராது. சட்டப் பொறுப்போ முழுவதும் பேஜ் வைத்திருப்பவர் தலையில்தான் விழும்.

சேர்வது சுலபம். மின்னஞ்சலும் தள முகவரியும் கொடுத்தால் டாஷ்போர்ட், அதாவது உங்கள் கணக்கு விபரப் பக்கம், திறக்கும். உங்களுக்கென்று ஒரு டிராக்கிங் லிங்க்கும் ஒரு பிரமோ கோடும் கிடைக்கும். லிங்கை அழுத்தியவர்கள் எத்தனை பேர், பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், முதன்முறை பணம் போட்டவர்கள் எத்தனை பேர் என்று வரிசையாகக் காட்டும். சம்பளம் இரண்டு வகை. முதன்முறை பணம் போடும் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை தருவது ஒன்று. நீங்கள் அனுப்பியவர்கள் தோற்கிற பணத்தில் பங்கு தருவது மற்றது. இரண்டையும் கலந்தும் தருவார்கள்.

பங்கு 30 சதவீதம் என்று பேசினாலும் அது தோற்ற மொத்தத் தொகையில் இல்லை, கழிவெல்லாம் போன மிச்சத்தில்தான். ஓர் உதாரணம். உங்கள் லிங்க்கில் போனவர்கள் ஒரு மாதத்தில் 100,000 ரூபாய் தோற்கிறார்கள். போனஸுக்கு 20,000, நிர்வாகக் கட்டணம் 15,000, பணப் பரிமாற்றச் செலவு 5,000 கழித்தால் மிச்சம் 60,000. அதில் 30 சதவீதம் 18,000. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 60 டொலர். குறைந்தபட்சம் 100 டொலர் சேர்ந்தால்தான் எடுக்கலாம் என்று நிபந்தனை இருந்தால், அந்த மாதம் கைக்கு ஒன்றும் வராது. அடுத்த மாதம் யாரோ ஒருவர் 200,000 ரூபாய் வென்றுவிட்டால் உங்கள் கணக்கில் 60,000 ரூபாய் கழிவு விழும். இப்படி மைனஸில் நிற்கும் நிலுவையை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், முதல் மாத 18,000 அதில் கரைந்து, மேலும் 42,000 கடனாக நிற்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு நிபந்தனையையாவது தேடிப் பாருங்கள்.

இதே கணக்கை வாசகர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒருவர் 13,500 ரூபாய் தோற்றால் அந்தக் கணக்கில் அது பத்து நாள் முழுப்பேர் (முழு நாள் வேலைக்கான சம்பளம்). அதில் பேஜ்காரருக்குக் கழிவுகளுக்கு முன்பே 4,050 ரூபாய்தான். சம்பளம் போடும் பத்தாம் திகதியை ஒட்டி பிரமோ கோட் போடச் சொல்வது தற்செயல் இல்லை. வாசகர் தோற்றால்தான் உங்களுக்கு வருமானம் என்ற ஒப்பந்தத்தை, தோட்டத்து மக்களுக்காக நடத்தும் ஒரு தளம் ஏற்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இனி ஒப்பந்தம். அநேகமாக அது ஆங்கிலத்தில் இருக்கும், நீளமாக இருக்கும், யாரும் கடைசிவரை வாசிப்பதில்லை. மூன்று இடங்களை மட்டும் தேடுங்கள். உங்கள் நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் விளம்பரம் செய்கிறீர்கள் என்று நீங்களே உறுதியளிக்கும் வரி ஒன்று. உங்கள் விளம்பரத்தால் கம்பெனிக்கு வழக்கோ அபராதமோ வந்தால் அந்த நட்டத்தை நீங்கள் ஈடுசெய்ய வேண்டும் என்பது இரண்டாவது. தகராறு வந்தால் கரீபியன் தீவான குராசோவிலோ மோல்டாவிலோ சைப்பிரசிலோ உள்ள சட்டப்படி தீர்க்கப்படும் என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்து வாசித்தால் விஷயம் விளங்கும்: இங்கே பிரச்சினை வந்தால் அவர்களுக்குச் சம்பந்தமில்லை, அவர்கள் பணம் தராவிட்டால் நீங்கள் போய்க் கேட்க ஓர் இடமில்லை.

'எங்களிடம் லைசன்ஸ் இருக்கிறது' என்று காட்டும் முத்திரையைப் பார்த்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குராசோ தீவின் லைசன்ஸ் என்றால் அந்தத் தீவின் சட்டத்துக்கு உட்பட்டது என்றுதான் அர்த்தம். அங்கேயே 2024 டிசம்பர் 24 முதல் புதிய சூதாட்டச் சட்டம் வந்து, ஒரு தாய் லைசன்ஸின் கீழ் பல தளங்கள் ஒளிந்துகொள்ளும் பழைய முறை முடிவுக்கு வந்தது. எப்படி இருந்தாலும் அது இலங்கையில் தரும் அனுமதி ஆகாது.

இலங்கையில் 2025 ஆகஸ்டில் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. குதிரைப் பந்தயக் கட்டளைச் சட்டம், 19ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த சூதாட்டக் கட்டளைச் சட்டம், 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க கசினோ தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக வந்த சட்டம் இது. இணையவழிச் சூதாட்டத்தையும் தன் எல்லைக்குள் எடுத்துக்கொண்டது. பழைய சட்டங்களில் இணையம் என்ற சொல்லே இல்லை என்று சொல்லித் தப்பிக்கும் வழி இதோடு அடைபடுகிறது. தலவாக்கலை டவுனில் லைசன்ஸோடு நடக்கும் புக்கியையும் (பந்தயம் பிடிக்கும் கடை), எங்கோ இருந்து தமிழில் விளம்பரம் போடும் பெட்டிங் தளத்தையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

'நான் சூதாட்டம் நடத்தவில்லை, லிங்க் மட்டும்தானே போட்டேன்' என்பது வழக்கமான பதில். தண்டனைச் சட்டக் கோவையின் 100ஆம் பிரிவு உடந்தையை வரையறுக்கிறது. குற்றத்துக்குத் தூண்டுவதும், தெரிந்தே உதவி செய்வதும் அதில் வரும். பேனர் ஒன்றை ஒட்டியவர் தெரியாமல் செய்தேன் என்று வாதாடலாம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொமிஷன் வாங்கியவருக்கு அந்த வாதம் கடினம். டாஷ்போர்டே சாட்சி சொல்லும். கிரிக்கெட் டிப்ஸ் போடுபவர்களுக்கு இன்னொன்று: 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க விளையாட்டு தொடர்பான தவறுகளைத் தடுக்கும் சட்டம், அணிக்குள்ளிருந்து கசியும் தகவலைப் பந்தயத்துக்குக் கொடுப்பதையும் பிடிக்கிறது. அதிகபட்சத் தண்டனை 10 வருடச் சிறை. 'டீம் உள்தகவல்' என்று தலைப்புப் போட்டு வட்ஸ்அப் குரூப் நடத்துவது வெறும் பீலாவாக இருந்தாலும் விசாரணையைக் கூப்பிட்டு வாங்குகிற வேலை.

தமிழ்த் தளங்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் பொகவந்தலாவையிலிருந்து எழுதினாலும் வாசகர்களில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து வரலாம். கூகுள் அனலிட்டிக்ஸில் நாடு, மாநிலம் என்ற பகுதியைத் திறந்தால் தெரிந்துவிடும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் விளம்பரம் செய்பவருக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் இந்திய ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து நீக்கியது. அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டங்கள் மீதான தடை நிலைத்தது. அதன்பின் இந்திய மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அது மொத்தமாகத் தடைசெய்கிறது, திறமை ஆட்டம் என்ற பேச்சுக்கு இடமில்லை. விளம்பரத்துக்கு 2 வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். இந்தியாவுக்கு வெளியிலிருந்து நடத்தினாலும் பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. திருச்சிக்கும் சென்னைக்கும் கோயிலுக்கு, வைத்தியத்துக்கு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று போய்வரும் மலையகக் குடும்பங்களுக்கு இது எட்டாத தூரத்துச் சங்கதி இல்லை. கட்டார், குவைத், சவுதியில் வேலைசெய்யும் வாசகர்களோ, சூதே குற்றமான நாடுகளில் இருந்துகொண்டு உங்கள் லிங்கை அழுத்துகிறார்கள்.

பணம் வரும் வழியில்தான் அநேகர் முதலில் மாட்டுவார்கள். வங்கிக்கு வரும் தொகை பெட்டிங் கம்பெனியின் பெயரில் வராது, கேள்விப்படாத வேறொரு நிறுவனத்தின் பெயரில் வரும். வங்கி இன்வொய்ஸ் கேட்கும். 'வெப் டிசைன்' என்று பொய் இன்வொய்ஸ் கொடுத்தால் அது தனிப் பிரச்சினை. சந்தேகமான கொடுக்கல் வாங்கலை, தொகை சிறிதாக இருந்தாலும், மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வங்கி கடமைப்பட்டது. அறிவித்ததை உங்களிடம் சொல்லவும் கூடாது. ஆகவே, கணக்கு முடங்கும் நாளில்தான் உங்களுக்கே தெரியவரும்.

அதைத் தவிர்க்க கிரிப்டோவில் தருகிறோம் என்பார்கள். அதை ரூபாயாக்க முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்க வேண்டும். அவர் உங்கள் கணக்கில் போடும் ரூபாய் வேறு யாரிடமோ மோசடி செய்து எடுத்ததாக இருந்தால், பொலிஸ் பணத்தின் தடத்தைப் பிடித்து உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். வருமான வரியும் உண்டு: 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர் வரிக்கு உட்பட்டவர், இந்தப் பணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதே கம்பெனிகள் தரும் 'ஏஜென்ட்' வேலையை எந்த நிலையிலும் தொடாதீர்கள். கொமினிகேஷன் கடைக்காரர்களைக் குறிவைத்துத்தான் இது வருகிறது. ஆடுபவர்களின் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலோ ஈஸி கேஷிலோ வாங்கி, கம்பெனி சொல்லும் கணக்குக்கு மாற்றிவிடும் வேலை. இங்கே நீங்கள் விளம்பரக்காரர் இல்லை, பணம் கைமாறும் இடமே நீங்கள்தான். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் நேரடியாகப் பேசும் இடம் இது. சேர முன்பணம் கட்டச் சொல்லி, ஆள் சேர்க்கச் சேர்க்கத்தான் வருமானம் கூடும் என்றால் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவில் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டமும் ஆகிவிடலாம். அந்தப் பிரிவு விளம்பரம் செய்பவரையும் விட்டுவைக்காது.

தளங்களின் விதிகளைப் பற்றிச் சுருக்கமாக. யூடியூப் 2025 மார்ச் 19 முதல், கூகுள் அங்கீகரிக்காத சூதாட்டத் தளங்களின் லிங்கை மட்டுமல்ல, பெயரை வாயால் சொல்வதையும் லோகோவைக் காட்டுவதையும் தடுக்கிறது. பேஸ்புக்கில் சூதாட்ட விளம்பரத்துக்கு மெட்டாவின் எழுத்துமூல அனுமதி தேவை. புலமைப்பரிசில் முடிவும் திருவிழா அறிவித்தலும் போடும் நல்ல தளத்தில் கசினோ கட்டுரையை வாடகைக்கு ஏற்றுவதை, தளத்தின் நற்பெயரைத் துஷ்பிரயோகம் செய்வதாக 2024 முதல் கூகுள் தேடல் தண்டிக்கிறது.

நீங்கள் சேராவிட்டாலும் உங்கள் தளம் சேர்ந்திருக்கலாம். திருட்டு வேர்ட்பிரஸ் தீம், புதுப்பிக்காத பிளகின் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கசினோ லிங்க்குகளை ஹேக்கர்கள் உள்ளே புதைத்துவிடுவார்கள். பாடசாலை, கோயில், சங்கங்களின் கைவிடப்பட்ட தளங்கள் இதற்கு நல்ல இரை. கூகுளில் 'site:' என்று போட்டு இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியையும், அதன்பின் casino, bet என்ற சொற்களையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் எழுதாத பக்கம் வந்தால் விஷயம் உறுதி. லிங்கை மட்டும் அழிப்பது போதாது. எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, பழைய தீம் கோப்புகளைத் தூக்கிவிட்டு அசல் தீம் ஒன்றைப் போட்டு, பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகி யாரும் இருந்தால் நீக்க வேண்டும். தளம் தேவையில்லை என்றாலும் டொமைனைக் காலாவதியாக விடாதீர்கள். வேறொருவர் வாங்கிக் கோயில் பெயரிலேயே கசினோ நடத்துவார்.

ஏற்கெனவே திட்டத்தில் சேர்ந்தவர்கள் வெளியேறும் ஒழுங்கு முக்கியம். முதலில் டாஷ்போர்டின் கணக்குப் பக்கங்களையும் ஒப்பந்தத்தையும் மின்னஞ்சல்களையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வந்தது, எப்போது நிறுத்தினீர்கள் என்பதற்கு அவைதான் ஆதாரம். அதன்பின் லிங்க், பேனர், பிரமோ கோட், வீடியோ விளக்கம், பின் செய்த கொமென்ட், டெலிகிராம் பதிவு எல்லாவற்றையும் நீக்குங்கள். பழைய வீடியோவின் கீழ் இருக்கும் விளக்கத்தைத்தான் அநேகர் மறந்துவிடுவார்கள். ஒப்பந்தத்தை முடிப்பதாக எழுத்தில் அறிவியுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் மிச்சப் பணத்துக்காக இன்னொரு மாதம் லிங்கை வைத்திருக்க வேண்டாம். பொலிஸிடமிருந்தோ வங்கியிடமிருந்தோ கடிதம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு எதையும் அழிக்காமல், சேமித்ததை எடுத்துக்கொண்டு நேரே சட்டத்தரணியிடம் போங்கள்.