இனாரி ஏரிக்கரையில் ஆறு இரவுகள்: ஒரு குடும்பக் குளிர்காலத் தொகுப்பின் மதிப்புரை

ஃபின்லாந்தின் வடகோடியில், இனாரி ஏரியை ஒட்டிய மரக்குடில் ஒன்றில் ஆறு இரவுகள் தங்கி, ஹஸ்கி நாய் வண்டி, துருவ மான் வண்டி, ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி), பனித்துளை மீன்பிடிப்பு, துருவ ஒளி என எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கித் தரும் குடும்பத் தொகுப்பை இந்த முறை எடுத்தோம். நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், 66 வயது மாமியார் என ஐந்து பேர் சென்றோம். களத்தில் எங்களுடன் நின்ற வழிகாட்டிகளுக்கு முழு மதிப்பெண் தருவேன். பயணத்துக்கு முன்பே அட்டவணை போட்டு அனுப்பிய அலுவலகத்துக்குப் பாதி மதிப்பெண் தரக்கூட மனம் வரவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மைனஸ் 20 டிகிரியில் ஒரு குடும்பத்தின் வேகத்தை அதில் உள்ள மிகச் சிறிய கால்களே தீர்மானிக்கின்றன என்பது வழிகாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது, அலுவலகத்துக்குத் தெரியவில்லை.

முதலில் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இனாரி ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி அமைந்த ரோவானியேமி நகரிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 320 கி.மீ. வடக்கே இருக்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் மறையும் சூரியன் அங்கே ஜனவரி இரண்டாம் வாரம் வாக்கில்தான் மறுபடி தலைகாட்டும். ‘காமோஸ்’ என்று ஃபின்லாந்து மக்கள் சொல்லும் அந்த நீண்ட இருளில், நண்பகலில் சில மணி நேரம் படரும் நீல வெளிச்சம் மிக அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் சிறு குழந்தைகளோடு வெளியில் விளையாடிக் கழிக்க வேண்டிய விடுமுறைக்கு அது பொருந்தாது. அந்த நாட்டுப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை மண்டல வாரியாக வருவதால், அது முடிந்த பிறகு வரும் மார்ச் இரண்டாம் வாரத்தை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். பகல் பதினோரு மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. காலையில் மைனஸ் 22 இருந்த குளிர் பிற்பகல் வெயிலில் மைனஸ் 6 வரை இறங்கி வந்தது. பனியின் கனமும் ஏரியின் உறைவும் சிறிதும் குறையவில்லை. கிறிஸ்துமஸ் காலத்தை விடக் கட்டணமும் கூட்டமும் குறைவு. இந்தத் தொகுப்பை எடுக்க நினைப்பவர்கள் மார்ச்சை விட்டுவிட வேண்டாம்.

ஹெல்சிங்கியிலிருந்து விமானத்தில் இவாலோ, அங்கிருந்து நிறுவனத்தின் வேனில் ஏறத்தாழ 50 கி.மீ. என்ற ஏற்பாடு சிக்கலின்றி நடந்தது. குடிலுக்குள் நுழையும்போது இரவு பதினொன்றரை மணி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாய் வண்டிப் பயணம் என்று அட்டவணையில் இருந்ததைப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. முன்பதிவின்போதே அதை மாற்றச் சொல்லாதது என் தவறு.

இந்தத் தொகுப்பிலேயே மிகச் சிறப்பான பகுதி, விளம்பரத்தில் ஒரு வரிகூடப் பெறாத உடுப்பு அறைதான். தடித்த முழு உடல் அங்கி, உள்ளே கம்பளி உறையிட்ட பூட்ஸ், கையுறை, முகமூடிக் குல்லாய் ஆகிய அனைத்தும் வாடகையின்றிக் கிடைத்தன. அங்கு பணியில் இருந்த பெண் என் மகளை ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார வைத்து, நான் ஆசையாக அணிவித்திருந்த இரண்டு ஜோடிக் காலுறைகளில் ஒன்றைக் கழற்றினார். பூட்ஸை மாட்டி, முனையை அழுத்திப் பார்த்து, “உள்ளே விரல்களால் பியானோ வாசித்துக் காட்டு” என்றார். அவளால் விரல்களை அசைக்க முடியவில்லை என்றதும் இரண்டு அளவு பெரியதை எடுத்து வந்தார். கால் இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், பூட்ஸுக்குள் காலைச் சுற்றி நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது என்பதை அவர் விளக்கியபோது, இத்தனை நாள் நான் செய்துவந்த தயாரிப்பில் பாதி தலைகீழ் என்று புரிந்தது. மகனின் பருத்தி உள்பனியனையும் மாற்றச் சொன்னார். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே தோலோடு ஒட்டிக்கொள்ளும், கம்பளி ஈரத்திலும் சூடு தரும் என்பதால், உடலை ஒட்டிய அடுக்கு மெரினோ கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்க வேண்டும். கையுறைகளை ஒரு நாடாவால் இணைத்து, அங்கியின் தோள் வழியாக உள்ளே விட்டுக் கட்டினார். அந்த நாடா இல்லாவிட்டால் வாரம் முடிவதற்குள் எங்கள் மகள் நான்கு ஜோடியாவது தொலைத்திருப்பாள்.

இந்த அறையில் ஒரு மணி நேரம் ஆனது. அட்டவணை இதற்கு இருபது நிமிடம்தான் ஒதுக்கியிருந்தது.

நாய்ப் பண்ணையில் இறங்கியதும் காதைப் பிளக்கும் ஊளை. ஓடப் போகிறோம் என்று தெரிந்த நாய்கள் வார்ப்பட்டையை இழுத்துக்கொண்டு எகிறுகின்றன. குழந்தைகள் முதலில் பயந்து என் பின்னால் ஒளிந்தார்கள். ஒரு வண்டிக்கு ஐந்து நாய்கள், பின்னால் நின்று ஓட்டுபவர் ஒருவர், முன்னால் உட்கார்பவர் ஒருவர் அல்லது ஒரு பெரியவரும் சிறு குழந்தையும். எந்த நிலையிலும் கைப்பிடியை விடக் கூடாது, இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தியதும் பனியில் கொக்கியை ஊன்ற வேண்டும் என்ற விதிகளைத் தெளிவாகச் செய்து காட்டி, எங்களையும் ஒவ்வொருவராகச் செய்ய வைத்த பிறகே புறப்பட்டார்கள். கொக்கியைப் பிடுங்கிய கணத்தில் அத்தனை ஊளையும் அறுந்து, சறுக்குக் கட்டை பனியை உரசும் சத்தமும் நாய்களின் மூச்சும் மட்டுமே மிஞ்சியது. அந்த மாற்றத்தை நான் என்றும் மறக்க மாட்டேன்.

ஆனால் பாதி வழியில் மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். முந்தைய இரவு ஆறு மணி நேரம்கூட உறங்காத குழந்தை அவள். வண்டியில் அசையாமல் இருக்கும் உடல் தானாகச் சூட்டை உண்டாக்குவது குறைந்துவிடும். காற்று எதிரே வீசும்போது அதை விட மோசம். முன்னால் சென்ற வழிகாட்டி திரும்பிப் பார்த்து அவள் தலை சாய்ந்திருப்பதைக் கவனித்துவிட்டார். அடுத்த ‘லாவு’வில், அதாவது மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த மரத் தங்கலில், வண்டிகளை நிறுத்தி, தீ மூட்டி, சூடான பெர்ரிச் சாறு கொடுத்து, அவளை எழுப்பித் தீயைச் சுற்றிக் குதிக்க வைத்தார். கன்னத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிடத் தவறு, வெறும் உள்ளங்கையை மென்மையாகப் பொத்தி வைக்க வேண்டும் என்று அங்கேயே எங்களுக்குக் கற்றுக் கொடுத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும்படி ஜோடி பிரித்துவிட்டார். அன்று முதல் கடைசி நாள் வரை மாமியாரின் முகத்துக்கு என் மகனே பொறுப்பு. அந்த வழிகாட்டியின் விழிப்புக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். இரவு பதினொன்றரைக்கு வந்து சேரும் குடும்பத்துக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நீண்ட பயணத்தை வைத்த அலுவலகத்தை அதே அளவுக்குக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்னோமொபைல் நாளில் எங்கள் வருத்தம் இன்னும் பெரிது. ‘குடும்பம் முழுவதற்கும்’ என்றுதான் விளம்பரம் சொன்னது. ஓட்டுநருக்குச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பது தெரியும். பின்னிருக்கையில் அமரும் குழந்தை 140 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும் என்ற அவர்களது பாதுகாப்பு விதியை அன்று காலைதான் சொன்னார்கள். என் மகன் 136 செ.மீ. விதி சரியானதே, கால் எட்டாத குழந்தை வளைவில் நிலைதடுமாறும். ஆனால் முன்பதிவுப் படிவத்தில் வயதைக் கேட்டவர்கள் உயரத்தைக் கேட்டிருந்தால், நாங்கள் மாற்று ஏற்பாடு செய்திருப்போம். வழிகாட்டியின் வண்டி இழுத்துச் செல்லும் சறுக்கு வண்டியில் இரண்டே இருக்கைகள். அதில் பிள்ளைகள் இருவரும் உட்கார, மாமியார் குடிலிலேயே தங்க நேர்ந்தது. பல வாரங்களாக ஸ்னோமொபைலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மகன் வழி முழுவதும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அட்டவணையில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே நாற்பது நிமிட இடைவெளிதான் இருந்தது. ஐந்து பேர் அங்கியைக் கழற்றி, சாப்பிட்டு, கழிவறைக்குப் போய், மறுபடி உடுத்தவே அது போதாது. நான் வரவேற்பறைக்குச் சென்று பிற்பகல் நிகழ்ச்சியை நீக்கச் சொன்னேன். பணம் திரும்பாது என்றார்கள், பரவாயில்லை என்றேன். அந்த வெற்றுப் பிற்பகல்தான் எங்களுக்கு அந்த வாரத்தின் மிக நல்ல பொழுதாக அமைந்தது. குடில் வாசலில் ‘போட்குகெல்க்கா’ ஒன்று நின்றது. முன்னால் ஒரு மர இருக்கை, அடியில் பின்புறம் நீளும் இரண்டு இரும்புக் கம்பிகள். பின்னால் நிற்பவர் ஒரு காலைக் கம்பியில் வைத்து, மறு காலால் தரையை உதைத்துத் தள்ள வேண்டும். மாமியாரை அதில் உட்கார வைத்துப் பேரன் ஏரியின் மீது தள்ளிக்கொண்டு போனான். “மெதுவாடா, மெதுவா” என்று தொடங்கிய குரல் சிறிது நேரத்தில் “இன்னும் கொஞ்சம் தூரம் போடா” என்று மாறியது. இதற்குக் கட்டணம் எதுவுமில்லை, வழிகாட்டியும் தேவையில்லை.

பனித்துளை மீன்பிடிப்பும் அப்படியே. கைத்துரப்பணத்தால் அரை மீட்டருக்கும் மேற்பட்ட பனிக்கட்டியைத் துளைத்து, சிறிய தூண்டிலை விட்டு, மான்தோலின் மேல் உட்கார்ந்திருந்தோம். எளிய தூண்டிலால் இப்படிப் பனித்துளையில் மீன் பிடிக்க ஃபின்லாந்தில் பெரும்பாலான ஏரிகளில் அனுமதிச்சீட்டோ கட்டணமோ வேண்டியதில்லை; எல்லோருக்கும் பொதுவான உரிமை அது. எங்களுக்கு மீன் எதுவும் சிக்கவில்லை. பிள்ளைகள் எழுந்து வர மறுத்தார்கள்.

துருவ மான் பண்ணைக்குச் சென்ற காலை, மேய்ப்புக் குடும்பத்தைச் சேர்ந்த, ‘சாமி’ என்ற வடகோடிப் பூர்வகுடி இனப் பெரியவர் ஒருவர் எங்களுக்குக் காதுக் குறிகளைக் காட்டினார். ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனித்தனி வெட்டுக் குறி உண்டு; காட்டில் தானாகத் திரியும் மான் யாருடையது என்பதை அதைக் கொண்டே அறிகிறார்கள். கோடையில் பொன்னிறமாக இருக்கும் அவற்றின் கண்ணின் உட்படலம் குளிர்காலத்தில் நீலமாக மாறும் என்பதை அங்கேதான் மகன் தெரிந்துகொண்டான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: “உங்களிடம் எத்தனை மான்கள்?” என்று கேட்கக் கூடாது, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். இதற்கு முன்போ பின்போ இனாரியின் ‘ஸீதா’ என்ற சாமி மக்களின் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். ஃபின்லாந்து தேசிய அருங்காட்சியகம் வைத்திருந்த 2,000க்கும் மேற்பட்ட சாமிப் பொருட்கள் 2021இல் இங்கே திருப்பித் தரப்பட்டன. 2024இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருதையும் இது பெற்றது. தொகுப்பில் இது இல்லை என்பது எனக்கு வியப்பளித்தது.

துருவ ஒளிக்கான ‘வேட்டை’ என்று வேனில் அழைத்துச் சென்ற இரவு மேகம் கவிந்திருந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் இரவு பத்தரை மணிக்கு, ‘சௌனா’ என்ற வெப்பக் குளியல் அறையிலிருந்து வெளியே வந்த கணவர்தான் ஏரியின் மேல் பச்சைத் திரை அசைவதைப் பார்த்து எங்களை எழுப்பினார். இனாரி துருவ ஒளி வளையத்தின் அடியிலேயே இருப்பதால், பெரிய சூரியப் புயல் தேவையில்லை. வானம் தெளிவாக, ஊர் விளக்குகள் எட்டாத இடத்தில் இருந்தால் போதும். ஏரிக்கரைக் குடிலில் தங்குபவர்கள் இதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டிய அவசியமில்லை.

உணவு சாதாரணம், ஆனால் நேர்மையானது. மாமியார் சைவம் என்று எழுதியிருந்ததால் கிழங்குகள், கம்பு போன்ற நிறத்திலான ரை ரொட்டி, காளான் சூப் என்று தவறாமல் தந்தார்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வகை மாறவில்லை. குடில் கதகதப்பாக, சுத்தமாக இருந்தது.

பாதுகாப்பு குறித்து ஒரு சொல். இனாரி நகராட்சி 17,000 சதுர கி.மீ.க்கும் பெரியது, மக்கள் ஏறத்தாழ 7,000 பேர்தான். மத்திய மருத்துவமனை ரோவானியேமியில் இருக்கிறது. அவசர எண் 112. இருக்குமிடத்தைத் தானாக அனுப்பும் ‘112 சுவோமி’ செயலியைப் புறப்படும் முன்பே இறக்கி வையுங்கள். குளிரில் மின்கலம் சட்டென்று வலுவிழக்கும் என்பதால் கைபேசியை உள்ளடுக்குப் பையில், உடலை ஒட்டி வைக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் குறைந்தபட்ச உயரம், சறுக்கு வண்டியில் எத்தனை இருக்கைகள், உண்மையில் வெளியில் இருக்கும் நேரம் எவ்வளவு, எந்தக் குளிரளவில் நிகழ்ச்சியை ரத்து செய்வார்கள், அப்போது என்ன திரும்பக் கிடைக்கும். வந்து சேர்ந்த மறுநாள் காலையை உடுப்பு அறைக்கும் உறக்கத்துக்கும் விடச் சொல்லுங்கள். ஒரு நாளுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு மேல் ஏற்காதீர்கள்.

திரும்பி வந்ததும் இவற்றையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து, மாமியாரின் ஸ்னோமொபைல் கட்டணம் முழுவதும் கணக்கில் வந்து சேர்ந்தது. படிவத்தில் உயரத்துக்கும் பூட்ஸ் அளவுக்கும் இடம் சேர்த்திருப்பதாகப் பதிலில் இருந்தது. முதல் நாள் அட்டவணையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.