சணல் சாக்கில செஞ்ச மறைப்பு உடுப்பு: திருகோணமலை வெயிலில பாவிச்சுப் பாத்த அனுபவம்

கில்லி சூட் எண்டு வெளிநாட்டு வேட்டைக்காரர் போடுற, உடம்பு முழுக்க நார் தொங்குற அந்த உடுப்ப நானே கையால செஞ்சு சில வருஷமாப் பாவிக்கிறன். வேட்டைக்கு இல்ல, பறவை போட்டோவுக்கு. இஞ்ச வன விலங்குகளப் பாதுகாக்க 1937லயிருந்தே சட்டம் இருக்கு, மான் மரை சுடுறது குற்றம், எனக்கு அதில விருப்பமும் இல்ல. ஆனா கூச்சப்படுற ஒரு சீவனுக்குக் கிட்டப் போறதுக்கு வேட்டைக்காரர் பழகி வச்சிருக்கிற வித்தை இருக்கே, அது கெமராக்காரனுக்கும் அப்படியே பொருந்தும். முதல்லயே முடிவச் சொல்லிடுறன்: உடுப்பு நல்லா வேலை செய்யுது, ஆனா வெளிநாட்டு வீடியோவில பாக்கிற மாதிரி தலையிலயிருந்து கால் வரைக்கும் செஞ்சு போட்டா நம்மட ஊருக்குச் சரிவராது. தலை, தோள், முதுகு, கை, இவ்வளவும் தான் தேவை.

கடையில வாங்கலாமே எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லணும். ஆமி உடுப்பு மாதிரி புள்ளி போட்ட துணிய நம்மட நாட்டில சிவில் ஆக்கள் போடக் கூடாது, பிடிபட்டா வீண் பிரச்சின. அதோட திருகோணமலை மாதிரி ஒரு இடத்தில, யுத்தத்தில கனக்கக் கஷ்டப்பட்ட சனத்துக்கு முன்னால அப்படி உடுப்பில பத்தைக்குள்ள இருந்து எழும்பி வாறது சரியில்ல, சட்டம் இல்லாட்டியும் நான் போட மாட்டன். அதனால அடியில மண் நிறத்தில ஒரு பழைய கை நீட்டுச் சேட், மேல வலை, வலையில சாக்கு நார், அவ்வளவு தான். எந்த டிசைனும் இல்ல.

வலை நல்லதா அமையிறது தான் பாதி வேலை. நம்மட கடற்கரையில பழைய வலைக்குப் பஞ்சமில்ல, ஆனா எல்லா வலையும் சரிவராது. கிண்ணியாவில ஒரு காக்காட்ட, அதான் ஒரு முஸ்லிம் அண்ணரிட்டக் கேட்டன், அவர் நான் கையில எடுத்த வலையப் பாத்திட்டுச் சொன்னார், "தம்பி, தங்கூசிய, இந்த நைலோன் இழை வலைய விடுங்க, வெயில் பட்டா மினுங்கும், கொக்கு அங்கயிருந்தே பாத்திரும், கரைவலைத் துண்டு ஒண்டு தாறன் கொண்டு போங்க." அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்ம. கரைவலை முறுக்கு நூல், மினுக்கம் இல்ல, முடிச்சு வழுக்காது, உப்பும் வெயிலும் பட்டுப் பட்டு நிறமும் ஏற்கனவே மங்கிப் போய்க் கிடக்கும். கண்ணி மூணு விரல் நுழையிற அளவு இருந்தாக் காணும்.

நாருக்கு சணல் சாக்கு. இப்ப எல்லா இடமும் நைலோன் பேக் தான், சணல் சாக்கு தேடணும், கந்தளாய்ப் பக்கம் நெல்லு மில்லுகளில பழசு கிடைக்கும். சாக்க ஒரு முழ அகலத்துக்குப் பட்டியா வெட்டி, குறுக்கு இழைய ஒவ்வொண்டா உருவி எடுத்தா நெடுக்கு இழை மட்டும் மிஞ்சும், அதில அஞ்சாறு இழைய ஒண்டாச் சேத்து நடுவில மடிச்சு, மடிச்ச முனைய வலைக் கண்ணிக்குள்ளால விட்டு, ரெண்டு வாலையும் அந்த வளையத்துக்குள்ளால எடுத்து இறுக்கி இழுக்கணும், இதே வேலைய இரவிரவா இருந்து செய்யணும், விரல் நுனியெல்லாம் சுரண்டிப் போகும், தூசியில தும்மல் வரும், முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு வெளி விறாந்தையில இருந்து செய்யுங்க. தோளில நார் ஒரு சாண் காணும், முதுகில ஒரு முழம். நெஞ்சு, வயிறு, முழங்கை இதுகளில ஒரு நாரும் வேண்டாம், தவழ்ந்து போகேக்க எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த இடங்களுக்குத் தடிச்ச கன்வஸ் துண்டு வச்சுத் தைச்சிருக்கிறன்.

நிறத்துக்குச் சாயக்கடைக்கே போகத் தேவையில்ல. தேயிலைச் சக்கைய நல்லாக் கொதிக்க வச்சு அதில நார ஒரு இரவு ஊறப் போட்டா மண் நிறம். கறள் பிடிச்ச ஆணிய வினாகிரியில போட்டு வச்ச தண்ணி கொஞ்சம் சேத்தா, தேயிலையில இருக்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து சாம்பல் கறுப்பா மாறும். மண் நிறம் பாதி, சாம்பல் கால்வாசி, சாயம் போடாத சாக்கு நிறம் கால்வாசி எண்டு கலந்து கட்டினன். முந்தி வலைக்குச் சாயம் போடக் கண்டல் பட்டை பாவிச்சவங்க, அத தயவு செய்து உரிக்காதீங்க, கண்டல் காடு இப்ப பாதுகாக்கப்பட்டது, அது இல்லாட்டி நாம போட்டோ எடுக்கிற பறவையும் இல்ல. பச்சைக்கெண்டு ஒண்டும் சாயம் போடேல்ல, வலையில அங்கங்க வெறுங் கண்ணி விட்டிருக்கிறன், போற இடத்துப் புல்லையோ கொப்பையோ அதில செருகுவன். செருகின இலை வெயிலில ஒரு மணித்தியாலத்தில வாடிச் சுருண்டிடும், மாத்தணும்.

இப்ப வெக்கை. இந்த உடுப்புப் பிறந்தது ஸ்கொட்லாந்தில, அங்க பண்ணைகளில மான் பாத்துத் திரிஞ்ச காவல்காரர் குளிர் மலையில போட்டது, 1900ல அந்த ஆக்களச் சேத்துத் தான் லவட் ஸ்கவுட்ஸ் எண்ட பிரித்தானியப் படையே உருவானது. அந்தக் குளிருக்குச் செஞ்சத நம்மட ஆடி மாசத்துக் கச்சான் காத்தில போட்டுக்கொண்டு படுத்தா ஆள் அவிஞ்சிடுவான். அதால தான் காற்சட்டைப் பக்கம் முழுக்க வெட்டி எறிஞ்சன், இப்ப இடுப்பு வரைக்கும் வாற போர்வை மாதிரி ஒண்டும் தலைமூடியும் தான். படுத்திருந்தா காலப் பறவை காணாது. காணுறது தலையும் தோளும் சேர்ந்த அந்த ஆள் உருவத்தத் தான், அது உடைஞ்சாப் போதும். தண்ணிப் போத்தல் ரெண்டு எப்பவும் கையோட இருக்கணும், காலை ஒன்பதரைக்குப் பிறகு நான் போட்டுக்கொண்டு இருக்கிறதில்ல.

கழுவுற விசயத்தில கவனம். சோப் பவுடரில வெள்ளை பளிச்செண்டு தெரியக் கலக்கிற சாமான், அதோட நாம போடுற நீலம், இதெல்லாம் நம்மட கண்ணுக்கு மட்டும் தான் "சுத்தம்". மானுக்குச் சிவப்பும் ஒரேஞ்சும் சரியாத் தெரியாது, நீலம் நல்லாத் தெரியும். பறவைக்கு நம்மள விடக் கூட நிறம் தெரியும், நாம காணாத புற ஊதா ஒளியையும் கனக்கப் பறவைகள் காணும், அப்ப பவுடர் போட்டுத் தோச்ச சேட் அதுகளுக்கு லைட் எரிஞ்ச மாதிரி இருக்கும். நான் வெறும் கிணத்துத் தண்ணியில அலசி நிழலில காயப் போடுறதோட சரி.

ஆக்காட்டிப் பறவைய வச்சுத் தான் உடுப்பு எப்படியெண்டு சொல்லலாம். குச்சவெளிக் களப்புப் பக்கம் உமிரி முளைச்ச வெளியில ஒரு ஆக்காட்டி கண்டு கத்தினா பவளக்காலி, நாரை எல்லாம் ஒண்டா எழும்பிடும், பிறகு அண்டைக்கு வேலை முடிஞ்சுது. விடியமுன்னம் போய்ப் படுத்து, இந்த உடுப்போட ஆடாமல் இருந்தா, ஆக்காட்டி நடந்து நடந்து கிட்ட வந்து ஒரு காலத் தூக்கி நிண்டு பாக்கும், கண்ணுக்கு முன்னால இருக்கிற அந்தச் சிவப்புத் தோல், சொண்டின்ட கறுப்பு நுனி எல்லாம் லென்ஸ் நிறையத் தெரியும், மறுபடி தலையக் குனிஞ்சு மேயத் தொடங்கும். வெறும் சேட்டோட இருந்து இந்தத் தூரம் எனக்குக் கிடைச்சதே இல்ல. ஆனா கையில உறை போடாமல் லென்ஸத் திருப்பினா உடுப்பு இருந்தும் பிரயோசனம் இல்ல, கை அசையிறத உடன காணும், கைக்கும் லென்ஸுக்கும் நார் கட்டின உறை கட்டாயம். முட்டை இருக்கிற காலத்தில கூட்டுக்குக் கிட்டப் போகவே போகாதீங்க, வெறுந்தரையில கிடக்கிற முட்டை தாய் எழும்பி நிண்டா வெயிலில கெட்டுப் போகும். பிரெட்ரிக் கோட்டை மான்கள வச்சும் உடுப்பச் சோதிக்காதீங்க, அதுகள் ஆக்களோட பழகினதுகள், சும்மா போனாலே கிட்ட வரும்.

காத்தும் வெளிச்சமும் நம்மட கரையில நல்லாப் பொருந்தி வாறது கச்சானில தான். காலையில சூரியன் கடல் பக்கம், காத்து தரைப் பக்கத்திலயிருந்து வரும், அப்ப கடல் பக்கமா இருந்தா வெளிச்சம் முதுகில, காத்து முகத்தில. பறவைக்கு மணம் பெரிசா விசயமில்ல, மானும் பன்றியும் எண்டா மணம் தான் எல்லாம். வாடைக் காத்துத் தொடங்கினா இது தலைகீழ், கடல் பக்கம் இருந்தா நம்மட மணம் நேராக் காட்டுக்குள்ள போகும், உடுப்பு எவ்வளவு நல்லா இருந்தும் ஒரு மானும் நிக்காது.

ஒண்ட மட்டும் கண்டிப்பாச் சொல்லுறன். காட்டுக்குள்ள இத போட்டுக்கொண்டு நடக்காதீங்க. கட்டுத்துவக்கும் (மிருகம் தட்டுப்பட்டா தானா வெடிக்கிற மாதிரிக் கட்டி வைக்கிற துவக்கு) களவு வேட்டையும் இன்னும் இருக்கு, பத்தை அசைஞ்சா சுடுற ஆக்கள் இருக்கிறாங்க. அமெரிக்காவில பல மாநிலங்களில மான் வேட்டைக்குப் போறவன் கட்டாயம் ஒரேஞ்ச் உடுப்புப் போடணும், காரணம் மானுக்கு அது சரியாத் தெரியாது, மற்ற வேட்டைக்காரனுக்குத் தெரியும். நானும் போற வாற வழியில ஒரேஞ்ச் தொப்பியும் மேற்சட்டையும் போட்டு, மறைப்பு உடுப்பப் பையில வச்சுத் தான் கொண்டு போறன். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் யானை நடமாட்டம் இருந்தா படுக்கிற கதையே வேண்டாம். வயல்காரருக்கு முதல்லயே சொல்லி வைங்க, விறகு பொறுக்க வாற அம்மாமார் தூரத்தில தெரிஞ்ச உடன தலைமூடியக் கழட்டி எழும்பி நிண்டு கதையுங்க, பயந்து ஓடி விழுந்தா பாவம்.

பராமரிப்பு எண்டா: மழையில நனைஞ்சா சணல் தண்ணியக் குடிச்சுச் சரியான பாரம், ஈரத்தோட மடிச்சு வச்சா பூஞ்சணம் பிடிச்சு நார் இத்துப் போகும், அதால மாரி மாசங்களில நான் வெளியில எடுக்கிறது குறைவு. காய்ஞ்ச சணல் நெருப்பு நல்லாப் பிடிக்கும், பீடி, சிகரட், அடுப்புக்குக் கிட்டயும் கொண்டு போகக் கூடாது. போடுறதுக்கு முன்னம் ஒவ்வொரு முறையும் நல்லா உதறுங்க, உண்ணியும் முசிறும் இருக்கும், தரையில விரிச்சு வச்சிருந்தா புடையன் பாம்பு கூட வந்து படுக்கலாம், நான் இப்ப சுவரில ஆணி அடிச்சுத் தொங்க விட்டிருக்கிறன். தோள்ப் பக்கத்து நார் தான் முதல்ல உதிரும், கெமராப் பை வார் உரசுற இடம். இந்த முறை அந்த இடத்துக்கு நார் கட்டாமல் சாக்குத் துண்டயே சின்னச் சின்ன இலை மாதிரி வெட்டித் தைச்சிருக்கிறன், இதுவரைக்கும் உதிரேல்ல, கச்சான் காலம் முழுக்கப் பாவிச்சுப் பாத்தாத் தான் தாங்குமா எண்டு தெரியும்.